தாய்மாமனைப் பற்றி ஏன் கேட்கிறோம்? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. எட்டாவது மாதத்திலிருந்தே காதில் சீழ், நிமோனியா என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. இப்போது மரபணுப் பரிசோதனையில் பி.டி.கே. மரபணுவில் பிழை என்று வந்திருக்கிறது. "உங்கள் கூடப்பிறந்த ஆண்களில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா?" என்று மருத்துவர் கேட்டார். என் தம்பி இரண்டு வயதில் காய்ச்சலில் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் "உன் வழியில் வந்தது" என்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள்.

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள், எவ்வளவு அழுதீர்கள் என்பதற்கும் இந்தப் பிழைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உங்கள் தம்பிக்கும் இதே நோய் இருந்திருக்கலாம் என்றால், நீங்கள் உங்கள் தாய் வயிற்றில் உருவான நாளிலிருந்தே இந்தப் பிழை உங்களிடம் இருந்திருக்கிறது என்று பொருள். அதைத் தடுக்க உங்களால் முடிந்தது எதுவுமே இல்லை.

உங்கள் மகனுக்கு இருப்பது, கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதங்களைப் பிறவியிலேயே தயாரிக்க முடியாத நோய். எக்ஸ் வழி அகாமாகுளோபுலினீமியா என்று பெயர். அது எப்படி வந்தது என்று பார்ப்போம். பி.டி.கே. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். உங்களிடம் ஒரு எக்ஸில் பிழை, இன்னொன்று நல்லது. பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பிழையுள்ளது போகப் பாதி வாய்ப்பு, நல்லது போகப் பாதி வாய்ப்பு. மகனிடம் ஈடுகட்ட இரண்டாவது எக்ஸ் இல்லாததால் நோய் வெளியே தெரிகிறது. இப்படிப்பட்ட நோய்கள் பெண்கள் வழியாகச் சத்தமில்லாமல் வந்து ஆண் குழந்தைகளிடம் தலைகாட்டும். அதனால்தான் நாங்கள் குழந்தையின் தாய்மாமனைப் பற்றி முதலில் விசாரிக்கிறோம். அப்பா வழிச் சித்தப்பா, பெரியப்பாவைக் கேட்டு இந்த நோயில் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் பிழை புதிதாகத் தோன்றுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே தாய்மாமன் நல்லபடியாக இருக்கிறார் என்பதற்காக இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு ஏன் ஒன்றுமில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த உயிரியல் இது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைக்கப்பட்டுவிடும். எது அணைவது என்பது பெரும்பாலும் தற்செயல். உங்கள் தோல் செல்களை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி செல்கள் நல்ல எக்ஸையும் மீதி பிழையுள்ள எக்ஸையும் பயன்படுத்திக்கொண்டிருக்கும். ஆனால் ரத்தத்தில் உள்ள பி செல்களை, அதாவது ஆன்டிபாடி உருவாகக் காரணமான வெள்ளணுக்களைப் பார்த்தால் அத்தனையும் நல்ல எக்ஸையே பயன்படுத்தும். பிழையுள்ள எக்ஸைத் தேர்ந்தெடுத்த பி செல்கள் எலும்பு மஜ்ஜையைத் தாண்டி வளரவே முடியாமல் அங்கேயே நின்றுவிட்டன. மற்றவை வளர்ந்து முழு இடத்தையும் நிரப்பிவிட்டன. உங்கள் உடல் தானாகவே சரிசெய்துகொண்டது. இந்த மரபணு எது என்று தெரிவதற்கு முன்பு, பி செல்களில் காணும் இந்த ஒருபக்கச் சாய்வை வைத்தே ஒரு பெண் பிழையைச் சுமக்கிறாரா என்று கண்டறிந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் மகன் முதல் சில மாதங்கள் நன்றாக இருந்தானே, அது எப்படி? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உங்கள் உடலின் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடிகள் நச்சுக்கொடி வழியாக அவனுக்குப் போயிருந்தன. ரத்தத்தில் ஐஜிஜியின் அளவு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆறு மாதம் ஆகும்போது அம்மா கொடுத்தது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மற்ற குழந்தைகள் அதற்குள் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவனால் முடியவில்லை. அந்த அரை ஆண்டு அவனைக் காத்தது உங்கள் உடலிலிருந்து போன ஆன்டிபாடிதான். "உன் வழியில் வந்தது" என்று சொல்பவர்களிடம் இதையும் தவறாமல் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அவன் தயாரிக்காத ஐஜிஜியை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி, அது. நரம்பு வழியாக 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம். பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் என்று தொடங்கி, அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைப்போம். தோலுக்கடியில் வாரம் ஒருமுறை செலுத்தும் முறையும் உண்டு. அதைப் பழகிக்கொண்டு வீட்டிலேயே செய்யும் குடும்பங்கள் நிறைய. வாழ்நாள் முழுக்க இது தேவைப்படும்.

"இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லையே, இந்தத் தடவை தள்ளிப்போடலாமா?" என்று கேட்பார்கள். தள்ளிப்போடாதீர்கள். நுரையீரல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. திரும்பத் திரும்ப வரும் நிமோனியா மூச்சுக்குழாய்களை நிரந்தரமாக விரித்துச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்தது பழையபடி ஆகாது. செலுத்தும் மருந்தில் ஐஜிஜி மட்டுமே இருக்கிறது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் சுவர்களைக் காக்கும் ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி அதில் கிடைக்காது. அதனால் ஒழுங்காக மருந்து ஏற்றிக்கொண்டாலும் இருமல் நீடித்தால் உடனே காட்டுங்கள்.

வீட்டில் யாருக்குமே போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டாம். அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். ஆன்டிபாடி இல்லாத உடலில் அது நீண்ட காலம் தங்கிப் பெருகி, பக்கவாதத்தை உண்டாக்கும் வடிவத்துக்குத் திரும்பக்கூடும். சொட்டு மருந்து எடுத்த தம்பி தங்கையின் மலம் வழியாகவும் அவனுக்குத் தொற்றும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ தடுப்பு மருந்து போதும்.

மகளைப் பொறுத்தவரை அவளும் பிழையைச் சுமக்கப் பாதி வாய்ப்பு. ஆனால் அவளுக்கு நோய் வராது. எனவே இப்போதே பரிசோதிக்க அவசரம் எதுவும் இல்லை. விவரம் புரியும் வயதில் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை செய்துகொள்வதா என்று அவளே முடிவெடுக்கட்டும். உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால்தான் அவசரம். அவர்களில் யாராவது இப்போது கர்ப்பமாக இருந்தால் இன்றே தொலைபேசியில் பேசுங்கள். குடும்பத்தில் உள்ள பிழை எது என்று எழுத்து எழுத்தாகத் தெரிந்துவிட்டதால், கருவிலோ பிறந்தவுடனோ கண்டுபிடிப்பது இப்போது எளிது. முதல் நிமோனியாவுக்கு முன்பே சிகிச்சை தொடங்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் நுரையீரல் படத்துக்கும் தாமதமாக வந்தவர்களின் படத்துக்கும் இருக்கும் வித்தியாசம் மனதை உறுத்தும்.

கேள்வி: நான் பள்ளி மாணவன், உயிரியல் படிக்கிறேன். உடலில் எத்தனையோ நொதிகள் இருக்க, பி.டி.கே. என்ற ஒன்றே ஒன்று இல்லாமல் போனால் ஆன்டிபாடி முழுவதுமே எப்படி நின்றுபோகும்? இதை யார் கண்டுபிடித்தார்கள்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. கைனேஸ் என்ற நொதிகளின் வேலை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவது. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறும். மனிதனின் மரபணுத் தொகுதியில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 90, டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் மட்டும் பாஸ்பேட் ஒட்டுபவை. புருட்டன் டைரோசின் கைனேஸ், சுருக்கமாக பி.டி.கே., அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. 659 அமினோ அமிலங்கள் கொண்டது.

பி செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கிறது. அதில் கிருமியின் ஒரு துண்டு வந்து ஒட்டும்போது, உள்ளே லின், சிக் என்ற இரண்டு கைனேஸ்கள் விழித்துக்கொள்கின்றன. செல் சவ்வின் உட்புறத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறு புதிதாக உருவாகிறது. செல்லுக்குள் மிதந்துகொண்டிருக்கும் பி.டி.கே. தன் ஒரு முனையால் அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு சவ்வில் போய் ஒட்டும். அங்கே அதன் 551ஆம் இடத்து டைரோசின் மேல் பாஸ்பேட் ஏற்றப்பட்டு அது முடுக்கப்படுகிறது. பிறகு அது பாஸ்போலிபேஸ் சி காமா 2 என்ற நொதியை முடுக்குகிறது. அதன் விளைவாக செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, செல்லின் உட்கருவில் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, செல் பெருகுகிறது. தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவார்களே, அதில் நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் கிணற்றடியில் எவ்வளவு பேர் நின்றாலும் தண்ணீர் போய்ச் சேராது. பி.டி.கே. நிற்பது அப்படிப்பட்ட இடத்தில்.

அப்புறம், கிருமி வருவதற்கு முன்பே இந்தச் சங்கிலி தேவைப்படுகிறது. எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் பி செல், தன் ஏற்பியின் முதல் பாதியைச் செய்து முடித்ததும் அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். அந்தச் சோதனைக்கான சைகையும் பி.டி.கே. வழியாகத்தான் போகிறது. சைகை வராவிட்டால் அந்த செல் மேலே வளராது. பி செல் முதிர்ந்துதான் ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல் ஆகிறது. பி செல் இல்லாவிட்டால் பிளாஸ்மா செல் இல்லை, பிளாஸ்மா செல் இல்லாவிட்டால் ஆன்டிபாடி இல்லை. வைரஸ்களை எதிர்க்கும் வேறு வகை வெள்ளணுக்களான டி செல்கள் பி.டி.கே.யை நம்பி இல்லாததால் இந்தப் பையன்கள் பெரும்பாலான வைரஸ்களைச் சமாளித்துவிடுகிறார்கள். போலியோ வைரஸ் சேர்ந்த என்டெரோவைரஸ் கூட்டம் மட்டும் பெரிய விதிவிலக்கு, அது மூளை வரை போய்விடும்.

கண்டுபிடித்த கதைக்கு வருவோம். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்த ஆக்டன் புருட்டனிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். நான்கு ஆண்டுகளில் 19 முறை ரத்தத்தில் கிருமி பரவிப் படுத்திருக்கிறான். பலமுறை அது நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா. அப்போது புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் முறை மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. பையனின் சீரத்தைப் போட்டுப் பார்த்தபோது ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. புருட்டன் அங்கேயே நிற்கவில்லை. இல்லாததைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மாதந்தோறும் தோலுக்கடியில் காமா குளோபுலின் செலுத்தினார். அந்தக் கடுமையான தொற்றுகள் நின்றன. 1952இல் வெளியிட்டார். நோயைக் கண்டறிந்ததும் சிகிச்சையைக் கண்டறிந்ததும் ஒரே கட்டுரையில்! நான் பயிற்சியில் இருந்தபோது அதைப் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

எந்த மரபணு என்று தெரிய அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஆயின. 1993இல் லண்டனில் ஒரு குழுவும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழுவும் தனித்தனி வழியில் தேடி ஒரே மரபணுவில் வந்து நின்றன. ஒரு குழு நோயாளிகளின் எக்ஸ் குரோமோசோமிலிருந்து தேடியது. மற்றொன்று பி செல்களில் புதிய கைனேஸ்களைத் தேடிக்கொண்டே போய் இதைப் பிடித்தது. பிறகுதான் புருட்டனின் பெயரை அந்த நொதிக்கு வைத்தார்கள். இதுவரை அதில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு பிழைகள் பதிவாகியிருக்கின்றன. சில பிழைகளில் நொதி கொஞ்சம் மிஞ்சும். அப்படிப்பட்டவர்களுக்கு நோய் லேசாக இருந்து, பெரியவர்களான பிறகே தெரியவருவதும் உண்டு.

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கு இப்ருடினிப் கொடுக்கிறார்கள். அது பி.டி.கே.யை அடக்கும் மருந்தாம். அந்த நொதி இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு நோய் வருகிறது என்கிறீர்கள். அதையே வேண்டுமென்று அடக்குவது சரியா? மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் வெள்ளணு எண்ணிக்கை இன்னும் ஏறிவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த எண்ணிக்கை. இந்த மருந்தில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். புற்று செல்கள் நிணநீர் முடிச்சுகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பி.டி.கே. அடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்து அவை ரத்தத்துக்குள் கொட்டுகின்றன. அதனால் எண்ணிக்கை ஏறும், அதே நேரம் கழுத்தில், அக்குளில் இருந்த கட்டிகள் சுருங்கும். சில மாதங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். கட்டிகள் சுருங்குகின்றனவா, அப்பாவின் களைப்பு குறைகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

அடக்குவது சரியா என்றால், சரிதான். அப்பாவின் புற்று செல்களும் பி செல்களே. பெருகு என்ற சைகையை அவை இதே சங்கிலி வழியாகத்தான் ஓயாமல் பெறுகின்றன. பிறக்கும்போதே பி.டி.கே. இல்லாத பையனிடம் பி செல்களே உருவாகவில்லை. அப்பாவிடம் ஆன்டிபாடி சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றுக்கு பி.டி.கே. தேவையில்லை. அதனால் அந்தப் பையனைப் போல ஆன்டிபாடி முழுவதுமாக வற்றிவிடாது. என்றாலும் நோயாலும் மருந்தாலும் எதிர்ப்புச் சக்தி குறையும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்.

இப்ருடினிப் அந்த நொதியின் 481ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும். 2013இல் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்றது. அதே இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் வந்துவிட்ட புற்று செல்கள் மருந்திலிருந்து தப்பித்துவிடும். அதற்காகவே அந்த சிஸ்டீனை நம்பாத பிர்டோப்ருடினிப் போன்ற புதிய மருந்துகள் வந்திருக்கின்றன.

அப்பாவுக்கு நீங்கள் கவனிக்க வேண்டியவை ரத்தக்கசிவும் இதயத்துடிப்பும். காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள் வரலாம். பல் பிடுங்குவதாக இருந்தால்கூடப் புற்றுநோய் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மருந்தை நிறுத்திவைப்பார்கள். படபடப்பு, தலைசுற்றல் வந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள். ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரையை அவராக வாங்கிப் போடக் கூடாது. பூஞ்சைக்கான சில மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் இப்ருடினிப்பின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும், பட்டியலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறவியிலேயே பி.டி.கே. இல்லாத பையன்களுக்கு இந்த ரத்தக்கசிவுத் தொல்லை இல்லை. மருந்து பி.டி.கே.யோடு நிற்காமல் அதன் உறவுக்கார நொதிகளையும் தொடுவதுதான் காரணம் என்று கருத அது இடம் தருகிறது. பின்னால் வந்த அகலாப்ருடினிப், ஸானுப்ருடினிப் இரண்டும் குறிவைப்பதில் இன்னும் கூர்மையானவை. இதயத் தொல்லை வந்தால் அவற்றுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. குழந்தையிலிருந்தே பி.டி.கே. பிழையால் வரும் இந்த நோய்க்கு இம்யூனோகுளோபுலின் எடுக்கிறேன், நன்றாக இருக்கிறேன். திருமணம் பேசுகிறார்கள். என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: உங்கள் மகன்களுக்கு வராது. அவர்களுக்கு நீங்கள் கொடுப்பது ஒய் குரோமோசோம். மகள்கள் எல்லோருமே பிழையைச் சுமப்பார்கள், ஆனால் ஆரோக்கியமாக இருப்பார்கள். மகள்கள் வழிப் பேரன்களில்தான் மறுபடி பாதிக்குப் பாதி. பெண் வீட்டாரிடம் மறைக்காமல் பேசுங்கள், மருத்துவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. திருமண நாளுக்கு முந்தைய வாரம் டோஸ் விட்டுப்போகாமல் இப்போதே தேதி பார்த்து வையுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு மூன்று வயது. மாதம் ஒருமுறை சளி பிடிக்கிறது. அவனுக்கும் இது இருக்குமா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. மற்ற குழந்தைகளோடு பழகும் வயதில் ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். அவன் எடை ஏறுகிறானா, இரண்டு சளிக்கு நடுவில் நன்றாக ஓடி விளையாடுகிறானா என்று பாருங்கள். இந்த நோய் 2 லட்சம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது.

ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, ஒரே ஆண்டில் நான்கு முறை புதிதாகக் காதில் தொற்று, மூளைக்காய்ச்சல் அல்லது ரத்தத்தில் கிருமி பரவிய வரலாறு, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியதும் திரும்ப வரும் சீழ், இவற்றில் ஏதாவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். அப்படி வரும் குழந்தையிடம் நான் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டான்சிலைப் பார்ப்பேன். அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்கு டான்சில் புடைத்திருக்க வேண்டும். பி செல் இல்லாத குழந்தைக்கு அது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்காது. டார்ச் வெளிச்சம் மட்டும் போதும் இதற்கு. ஆனாலும் பல இடங்களில் இதைப் பார்க்காமலே ஆறேழு ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டுகளோடு குழந்தைகள் வருகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய பரிசோதனை, ஆன்டிபாடி வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் ஆகியவற்றின் அளவுகள். மூன்றும் மிகக் குறைவாக இருந்தால் ரத்தத்தில் பி செல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். லிம்போசைட்டுகளில் அவை 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பி.டி.கே. மரபணுவை வாசிக்கச் சொல்வார்கள். ரத்தத்தை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் அளவில் தெரிவது கொடையாளர்களின் ஐஜிஜி. அதற்குப் பின் செய்யும் சில ஆன்டிபாடிப் பரிசோதனைகளில், குழந்தைக்கு வராத நோய்கூட வந்ததாகக் காட்டக்கூடும்.